கட்-ஆஃப் 168-க்கு என்ன கிடைக்கும்?

கே: 1990-களில் நுழைவுத் தேர்வு எழுதி இன்ஜினீயரிங் சேர்ந்தவன் நான். மகளுக்கு இப்போது கணிதத்தில் 82, இயற்பியலில் 88, வேதியியலில் 84. எந்தக் கல்லூரி கிடைக்கும்?
– வாசகர், தேனி

ப: உங்கள் காலத்துக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அப்போது கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்கான கூட்டு மதிப்பெண், 300-க்கு: பிளஸ் டூ 200, நுழைவுத் தேர்வு 100. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வே இல்லை, 200-க்குத்தான். கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதியாக: 82+44+42=168.

போன வருடக் கட்-ஆஃபை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். வினாத்தாள் சுலபமாக இருந்தால் அதே 168 ரேங்கில் வெகு கீழே போய்விடும். அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் பிடித்தவரின் ரேங்க்கைப் பாருங்கள்.

2018 முதல் கலந்தாய்வு ஆன்லைனில்தான். விருப்பப் பட்டியலில் பத்துக் கல்லூரியோடு நிறுத்துகிறவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிடும். 'இது எப்படியும் கிடைக்கும்' என்று பயந்து ஒன்றை உச்சியில் வைத்தால் அதோடு சரி. கீழே போட்ட நல்ல கல்லூரி எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் வராது. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு 'அப்வர்ட்' (பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதற்கு மாற்றம்) கேட்டாலும் கவனம்: மேலே உள்ளது கிடைத்ததும் பழைய இடம் போய்விடும்.

கே: மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தால் முதல் பட்டதாரி (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர்) கட்டணச் சலுகை உண்டா?
– வாசகி, விருத்தாசலம்

ப: கிடையாது. கலந்தாய்வில் வந்தவர்களுக்கு மட்டும்தான். ரசீது இல்லாமல் நன்கொடை கேட்டால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். 2017-இல் கட்டணக் குழு கலந்தாய்வு இடத்துக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்று வைத்தது. நிர்வாக இடத்துக்கு 85,000, 87,000. விடுதி, பஸ், 'பயிற்சிக் கட்டணம்' எல்லாம் தனி. நான்கு வருடத்துக்கும் எழுத்தில் கேளுங்கள்.

கே: 'பெயர் பெற்ற கல்லூரி'யை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஆரணி

ப: 1984-இல் சுயநிதிக் கல்லூரிகள் வரும்வரை கிண்டி, கோவை, மதுரை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று வாசல் பலகையில் இருக்கும் 'நாக்' (தேசியத் தர மதிப்பீட்டுக் குழு) தரம் மொத்தக் கல்லூரிக்கானது. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் பாடப்பிரிவுக்கு, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி ஏ.ஐ. பிரிவில் சேர்ப்பார்கள், எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்.