மருத்துவர் பதில்: ஆபரேஷனை மறைத்து வாங்கும் பாலிசி

கேள்வி: செங்கோட்டையில் வசிக்கிறேன். வயது 38, உயரம் 158 செ.மீ. 104 கிலோ இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் நகையை அடகு வைத்து, திருவனந்தபுரத்தில் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். கணவரின் கம்பெனி பாலிசியில் அதற்குக் கவர் இல்லை என்றார்கள். இப்போது 86 கிலோ. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, கைச் சதை தொங்குகிறது. தனியாக இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்றால், "ஆபரேஷனைப் பற்றி எழுதாதீங்க, பாலிசி கிடைக்காது" என்கிறார் ஏஜெண்ட். சூடு பிடிக்கிறது என்று வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிட்டேன். பத்து நாளாக வாந்தி. பக்கத்து கிளினிக்கில் இரண்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். எங்காவது பதிவாகிவிடும் என்று அங்கேயும் ஆபரேஷனைச் சொல்லவில்லை. இரண்டு நாளாகப் படி இறங்கும்போது கால் தள்ளாடுகிறது, சத்துக் குறைவுதானே? எனக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: சத்துக் குறைவுதான். ஆனால் மாதுளம்பழமும் டானிக்கும் தீர்த்துவைக்கிற ரகம் இல்லை இது. அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாத கடிதம் என்பதால் அன்றைக்கே உங்களைப் போனில் அழைத்துப் பேசிவிட்டேன். அன்று இரவே தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்து வைட்டமின் பி1 ஊசி தொடங்கிவிட்டதாக உங்கள் கணவர் மறுநாள் சொன்னார். நிம்மதி. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டு இதே பயத்தோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் போல ஒல்லிக் குழாயாக்கி விடுகிறார்கள். உள்ளே போகும் சாப்பாடே கொஞ்சம். அதுவும் வாந்தியாக வெளியே வந்தால் முதலில் காலியாவது வைட்டமின் பி1, அதாவது தயமின். உடம்பு அதை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. தீட்டிய பச்சரிசியை மட்டுமே தின்ற ஊர்களில் பெரிபெரி என்ற நோய் வந்ததற்கும் இதே பற்றாக்குறைதான் காரணம். நம் பாட்டிமார் நெல்லை அவித்துப் புழுங்கலாக்கியபோது தவிட்டிலிருந்த பி1 அரிசிக்குள் இறங்கியது. அதனால் நாம் தப்பித்தோம்.

குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு பி1 வேண்டும். இருப்பே இல்லாதவருக்கு குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால், ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் துளியும் செலவாகி மூளை அடிவாங்கும். வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் 1881-இலேயே விவரித்த நோய் இது. பார்வை இரண்டாகத் தெரியும் அல்லது கண்மணி ஆடும்; நடை தள்ளாடும்; பேச்சும் நினைவும் குழம்பும். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இந்த ஆபரேஷன் ஆனவருக்கு வாந்தியோடு இவற்றில் ஒன்று இருந்தாலே அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. முதலில் பி1 ஊசி, அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ். தாமதித்தால் நினைவாற்றல் திரும்பாமலே போய்விடலாம்.

அந்த கிளினிக் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். வாந்தி என்று வந்தவருக்கு எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயத்தை நீங்கள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டீர்கள். இதற்கிடையில் மெடிக்கலில் வாந்தி மாத்திரையை வாங்கி வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். போனில்தான் அதையும் சொன்னீர்கள். வைட்டமின் மாத்திரை சூடாம், வாந்தி மாத்திரை குளிர்ச்சியாம்! இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வைட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க. சூடு பிடித்தால் மோர் குடியுங்கள்.

வாந்தி தொடங்கிய நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பிரானூர் பார்டர் பரோட்டா, டாக்டர். பாதிதான்." மூன்றாம் மாதத்தில் அது தேவையா என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். பத்து நாள் வாந்திக்குப் பாதிப் பரோட்டாமேல் பழியைப் போட முடியாது. குழாய் எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்க்க வேண்டும். அது ஆபரேஷன் செய்த சர்ஜனின் வேலை. கால் சரியானதும் ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போய்வாருங்கள்.

முடி திரும்ப முளைக்கும். எடை வேகமாகக் குறையும்போது மூன்றாவது நான்காவது மாதத்தில் கொட்டும், பிறகு நிற்கும். யூடியூபில் பார்த்த பயோட்டின் மிட்டாய்க்குக் கொடுக்கும் காசுக்கு முட்டை வாங்குங்கள். கைச் சதை நோய் இல்லை. அழகுக்காக அதை வெட்டி எடுக்க எந்த பாலிசியும் பணம் தராது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி இன்சூரன்ஸ். நான் இன்சூரன்ஸ்காரன் இல்லை. ஆனால் க்ளெய்ம் படிவங்களில் கையெழுத்துப் போட்டே கை தேய்ந்தவன்.

கிடைக்கும். முதல் இன்சூரன்ஸ் கம்பெனி மாட்டேன் என்றால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். சிலர் பிரீமியத்தைக் கூட்டுவார்கள். எடை ஒரு நிலைக்கு வரட்டும், சில மாதம் கழித்து வாருங்கள் என்பவர்களும் உண்டு. சொல்லி வாங்கினால், ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் 48-லிருந்து குறைத்தது. அதுவரை விபத்துக்கு முதல் நாளிலிருந்தும், டெங்கு மாதிரிக் காய்ச்சலுக்கு 30 நாள் கழிந்த பிறகும் கவர் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேகமாக இளைத்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவது சகஜம். பெரும்பாலான பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கென்று தனிக் காத்திருப்புக் காலம் இருக்கும், பொதுவாக இரண்டு வருடம். வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்.

மறைத்து வாங்கினால்? வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள். உள்ளே வெட்டிய ஓரம் நெடுக டைட்டேனியம் ஸ்டேப்பிள்கள், ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் பல்லிளிக்கும். எந்த வயிற்றுவலிக்குப் போனாலும் ரேடியாலஜிஸ்ட் முதல் வரியிலேயே எழுதிவிடுவார், க்ளெய்ம் அங்கேயே நிற்கும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால் பழைய நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது என்கிற விதியை ஏஜெண்ட் எடுத்துக்காட்டுவார். அந்த விதியிலேயே மோசடிக்கு விலக்கு உண்டு. தெரிந்தே மறைத்ததை வேறு என்ன பெயரிட்டு அழைப்பார்கள்? கமிஷன் அவருக்கு முதல் மாதமே வந்துவிடும். ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கப் போவது நீங்கள்.

உங்கள் கணவரின் கம்பெனி பாலிசியில் கவர் இல்லை என்றதை வாயால் சொன்னார்களா, எழுத்தில் தந்தார்களா? ஆணையம் வகுத்திருக்கும் பொது வாசகத்தின்படி, வயது 18 நிரம்பி, டாக்டர் ஆலோசனையின் பேரில் செய்யும் எடைக்குறைப்பு ஆபரேஷனை, பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒதுக்க முடியாது. கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போயிருந்தால் 35 போதும். உங்களுக்கு 41-க்கு மேல் இருந்திருக்கிறது. கம்பெனிக்கான குரூப் பாலிசியில் வேறு வாசகம் இருக்கலாம். அதனால் மறுப்பைக் காரணத்தோடு எழுதி வாங்குங்கள். வாசகம் உங்கள் பக்கம் இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம், கட்டணம் கிடையாது. ஆபரேஷன் கேரளத்தில் நடந்தது என்று அவருடைய கொச்சி அலுவலகத்துக்கு ஓட வேண்டாம்; செங்கோட்டை 1956-இலேயே திருவிதாங்கூரை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது, உங்களுக்குச் சென்னை அலுவலகம்.

அந்த கம்பெனி பாலிசியில் உங்கள் பெயர் இருக்கிறதல்லவா? அதை அலட்சியம் செய்யாதீர்கள். குரூப் பாலிசிகள் பலவற்றில் பழைய நோய்க்குக் காத்திருப்பே இருக்காது. இப்போதைய அட்மிஷன் செலவுக்கு அதைக் கேட்கச் சொல்லி உங்கள் கணவரிடம் சொல்லியிருக்கிறேன், ஆபரேஷன் விவரத்தையும் சேர்த்தே. அவர் வேலையை விடுவதாக இருந்தால், அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கலாம். அதுவரை கழிந்த காலமும் கணக்கில் சேரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் எழுதிப் போடுங்கள்.

புது பாலிசி வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாமல், கூடவே வரும் பிரபோசல் (விண்ணப்பப் படிவம்) நகலைப் பிரித்துப் பாருங்கள். "முன்பு அறுவை சிகிச்சை உண்டா" என்ற இடத்தில் ஏஜெண்ட் தானாகவே "இல்லை" என்று டிக் போட்டிருந்தால் உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால், கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போகப் பணம் வந்துவிடும்.