“யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா” என்று பிள்ளை கேட்டால்?

வளரிளம் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அக்கா, அப்பத்தான் சொல்லுவேன்” என்கிறாள். சத்தியம் செய்யலாமா?

செய்யாதீர்கள். செய்துவிட்டு மீறினால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்காது. “கண்ணு, உனக்கு யாராவது கெடுதல் பண்ணியிருந்தா என்னால சும்மா இருக்க முடியாது சாமி. ஆனா யாருகிட்டச் சொல்றேன்னு உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதற்கும் தயங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கொடுங்கள். அவளே பேசலாம்.

பேச ஆரம்பித்தால் குறுக்கே போகாதீர்கள். “அப்புறம் என்னாச்சு?” என்பது போதும். “அவர் உன்னை இங்க தொட்டாரா?” என்று பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. “ஏன் அப்பவே சொல்லலே?” என்ற கேள்வி நம் எல்லோருக்கும் நாக்கு நுனிவரை வரும். தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். அவள் காதில் அது ‘உன் மேலயும் தப்பு’ என்றுதான் விழும்.

அன்றைக்கே எழுதி வையுங்கள். தேதி, நேரம், அவள் சொன்ன வார்த்தைகள். “மாடிப்படியில நிறுத்திக் கையப் புடிச்சாரு” என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். ‘மாணவி தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்தார்’ என்று எழுதினால் அது உங்கள் வாக்கியம், அவளுடையது அல்ல. ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

அப்புறம் தகவல் கொடுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும் என்கிறது. நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல. ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதும் அல்ல, அவன் உஷாராகிவிடுவான். அவனைப் பிள்ளையின் பக்கமே வராமல் வைப்பதுதான் நிர்வாகம் உடனே செய்ய வேண்டியது. பாதுகாப்பு என்ற பெயரில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவனை வேலையில் வைத்திருப்பது அநியாயம்.

அவளிடம் அடுத்து நடக்கப்போவதைச் சொல்லுங்கள். வாக்குமூலம் வாங்க வீட்டுக்கோ அவள் சொல்லும் இடத்துக்கோ போலீஸ் வரும், சீருடையில் வராது, கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பெண் அதிகாரி வருவார், இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்க மாட்டார்கள். பாதிப் பயம் இதிலேயே இறங்கிவிடும்.

கோபிசெட்டிபாளையம், உடற்கல்வி ஆசிரியர்: ஒரு பிள்ளைக்கு நடந்த பாலியல் தொல்லையைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், “நான் பாத்துக்கறேன்” என்றார். என் கடமை முடிந்ததுங்களா?

இல்லைங்க. கடமை, தெரிந்த ஒவ்வொருவர் மேலும் இருக்கிறது. மேலே சொன்னால் கீழே இருப்பவருக்கு விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

“பள்ளிக்கூடம் பேர் கெட்டுரும், பெரியவங்களை வெச்சுப் பேசி முடிச்சுக்கலாம்” என்பார்கள். நிலத்தகராறை அப்படி முடிக்கலாம். இதில் சமரசத்துக்கு இடமே கிடையாது. நீங்களே நேரில் போய்ப் புகார் கொடுங்கள், அல்லது 1098ஐக் கூப்பிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 14417 எண்ணும் இருக்கிறது.

அவிநாசி, பனியன் கம்பெனி விடுதி மேற்பார்வையாளர்: 17 வயதுப் பெண், லைனில் வேலை செய்யும் பையனைக் காதலிக்கிறாள். என்ன செய்வது?

இதில்தான் அவசரப்பட்டுக் கெடுக்கிறோம். போனைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, அப்பாவுக்குப் போன் போட்டு “வந்து கூட்டிட்டுப் போங்க” என்பது. வீட்டில் ஒரே வாரத்தில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். சாதி மாறிய காதல் என்றால் அந்த ஒரு போன் அவள் உயிருக்கே ஆபத்தாகலாம். நம் பக்கத்தில் இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேசுவதும் ஒருவரை ஒருவர் விரும்புவதும் குற்றமல்ல. அவளிடம் தனியாக, திட்டாமல் பேசுங்கள். பையனுக்கு என்ன வயது, மிரட்டல் இருக்கிறதா, படத்தை வைத்து ஏதாவது கேட்கிறானா என்று பாருங்கள். உடலுறவு வரை போயிருக்கிறது என்று தெரிந்தால், அவளே விரும்பியிருந்தாலும், 18 வயதுக்குக் கீழே சம்மதம் செல்லாது. தகவல் சொல்லும் கடமை வந்துவிடும். வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து என்று தோன்றினால் அந்தப் பயத்தையும் 1098இலும் குழந்தைகள் நலக் குழுவிடமும் அதே வாயால் சொல்லுங்கள். கேட்டால்தான் அவளைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வழி பிறக்கும்.

ஈரோடு, டியூஷன் ஆசிரியர்: சந்தேகம் கேட்டு ராத்திரி மெசேஜ் அனுப்புகிறார்கள். தனியாகப் பதில் போடலாமா?

வேண்டாம். பெற்றோரும் இருக்கும் குழுவில் போடுங்கள், அல்லது காலையில் வகுப்பில் சொல்லுங்கள். அதே மெசேஜில் “வீட்டுல இருக்கப் பயமா இருக்கு சார்” என்று வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பெருந்துறை, பள்ளி வேன் ஓட்டுநர்: போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். இத்தனை வருசம் ஓட்டினவன் மேல் சந்தேகமா?

சந்தேகம் இல்லைங்க. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள், பிள்ளைகளோடு பழகும் எல்லா ஊழியருக்கும், ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் சேர்த்து, இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. விளையாட்டுப் பயிற்சி மையங்களும் இதில் அடக்கம். வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வேனில் ஒரு பிள்ளை நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்தால் முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான். அதைப் பள்ளியில் யாரிடம் சொல்வது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரம், கபடிப் பயிற்சியாளர்: நான் கொடுத்த தகவல் கடைசியில் தவறாகப் போனால்?

நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது; 19ஆம் பிரிவிலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பொய் என்று தெரிந்தே, அவமானப்படுத்த, பணம் பறிக்க, மிரட்ட, பேரைக் கெடுக்கச் சொன்னால்தான் தண்டனை. பொய்த் தகவல் தந்தது பிள்ளையாகவே இருந்தாலும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது.