கைபேசி பார்க்கும் நேரத்தைக் குறைக்க உங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது எது?

கேள்வி கேட்டவர் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடம் ஆவதற்குள் கை தானாக இன்ஸ்டாகிராமுக்குப் போய்விடுகிறது என்றும், செயலியை மூன்று முறை நீக்கி மூன்று முறையும் மறுபடி நிறுவிக்கொண்டதாகவும், தனக்கு மன உறுதியே இல்லையோ என்று கவலையாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நானும் நீண்ட காலம் நம்பியிருந்தேன். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் என்னையே திட்டிக்கொண்டு, அந்தச் சோர்வைப் போக்கிக்கொள்ள மறுபடியும் கைபேசியையே எடுத்தேன்.

நான் மதுரையில் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துபவன். எங்கள் தொழிலில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். முன்பெல்லாம் ஒரு ஃபாரத்தை ஒரே மூச்சில் பார்த்து முடிக்க எனக்கு ஐம்பது நிமிடம் போதும். 2021 வாக்கில் அதே வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகத் தொடங்கியது. பக்கத்தின் அடிக்கு வந்து தாளைத் திருப்ப வேண்டிய அந்தச் சிறு இடைவெளியில் கை கைபேசிக்குப் போகும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்துத் திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்பது சரியாகத் தெரியாது. தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓர் இடத்திலிருந்து தொடர்வேன்.

அந்த நாட்களில்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடைய நினைவுக் குறிப்புகள் என்னிடம் வந்தன. காலமான மனைவிக்குக் காணிக்கையாக்கி, சொந்தச் செலவில் 300 படிகள் அச்சிட்டிருந்தார். புத்தகக் கட்டு வந்து பிரித்துப் பார்த்தபோது, காணிக்கைப் பக்கத்தில் ‘செல்லம்மாள்’ என்ற பெயர் ‘செல்லமமாள்’ என்று அச்சாகியிருந்தது. முதல் ‘ம’வின் தலையில் புள்ளி இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்ததே மூன்று வரிகள்தான். அதன் மெய்ப்பில் ‘சரி பார்த்தது’ என்று என் கையெழுத்து இருந்தது.

அவர் கோபப்படவில்லை. “பரவாயில்லை தம்பி, ஒரு புள்ளிதானே, வைத்துவிடலாம்” என்று சொல்லி, கறுப்பு ஜெல் பேனா இரண்டு வாங்கி வரச் சொன்னார். அவர் வீட்டுத் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒவ்வொரு படியாக எடுத்து, பக்கத்தை விரித்து, புள்ளி வைத்து, மை காயும்வரை திறந்தபடி வைத்திருந்து, மூடி அடுக்கினோம். சில இடங்களில் புள்ளி சற்றுப் பெரிதாகிவிட்டால் அவர் அந்தப் படியைத் தனியே எடுத்து வைத்தார். அவை வீட்டில் இருக்கட்டும் என்றார். முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. சட்டைப்பையிலேயே இருந்த கைபேசியை அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு முறைகூட நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

காலையில் இல்லாத மன உறுதி மாலையில் எனக்கு எங்கிருந்தும் வந்துவிடவில்லை. எதிரே ஒரு மனிதர் இருந்தார், கையில் பேனா இருந்தது, 300 என்று எல்லை தெரிந்த வேலை இருந்தது. இந்த மூன்றையும் தினமும் எப்படி உண்டாக்கிக்கொள்வது என்று யோசித்ததுதான் எனக்குக் கைகொடுத்தது. இதைச் சொல்வதற்கு முன், நாம் எதனோடு மல்லுக்கட்டுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளில், எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்துகிறது என்று கண்டார். பத்து ரீல்ஸில் எது நம்மைச் சிரிக்க வைக்கும் என்று தெரியாததால் விரல் ஓயாமல் தள்ளிக்கொண்டிருப்பதும் அதே கணக்குதான். இதோடு 2006ஆம் ஆண்டில் அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லாத உருட்டலும், அதாவது திரையைத் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும் அமைப்பும் சேர்ந்துகொண்டது. அதற்காகத் தாம் வருந்துவதாகப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். என் தொழிலிலிருந்து பார்ப்பதால் இது எனக்கு மிகக் கூர்மையாகப் படுகிறது. ஒரு புத்தகத்தில் பக்கம் முடியும், அத்தியாயம் முடியும், ஃபாரம் முடியும். ஒவ்வொரு முடிவும் ‘போதுமா, இன்னும் வேண்டுமா’ என்று வாசகரைக் கேட்கிறது. அந்தக் கேள்வியைத்தான் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு கடை மூடியதும் இரண்டு கடைகள் திறந்துவிட்டன. இவ்வளவு உழைப்பையும் மூளையையும் போட்டு அமைத்த ஒன்றைத் தனியறையில் தனி ஆளாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வெல்ல முடியவில்லை என்றால், தயவுசெய்து அதை உங்கள் குணக்கேடு என்று நினைக்காதீர்கள்.

இனி நான் செய்தவை. மணி நேரத்தை எண்ணுவதை முதலில் நிறுத்தினேன். ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதிக்குள் போனால், திரை நேரத்தோடு அன்று எத்தனை முறை கைபேசியைத் திறந்தீர்கள் என்ற எண்ணும் இருக்கும். ஐஃபோனிலும் எத்தனை முறை கையில் எடுத்தீர்கள் என்று காட்டும். என்னுடைய எண் ஒரு சாதாரண வேலை நாளில் 140ஐத் தாண்டியிருந்தது. ஐந்து மணி நேரம் என்று கேட்டால் ‘நாளை குறைத்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். 140 முறை என்று கேட்டபோது, ஒரு நாளில் 140 தடவை வேலையிலிருந்து எழுந்து போயிருக்கிறேன் என்று புரிந்தது. பிறகு ஒரு வாரம், கை போகும் ஒவ்வொரு முறையும் மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, எதற்காகப் போனது என்று ஒரே சொல்லில் எழுதினேன். மணி பார்க்க, ஒரு சொல்லின் எழுத்தைச் சரிபார்க்க, ஓடிபி, வாட்ஸ்அப் என்று வந்தது. பாதிக்கு மேல் ‘சும்மா’ என்று இருந்தது.

அந்தத் தாளைப் பார்த்ததும் வழி பாதி தெளிந்துவிட்டது. மணி பார்க்க ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். சொல்லைச் சரிபார்க்கக் கைபேசியைத் திறந்து இருபது நிமிடம் கழித்து வேறெங்கோ இருந்து திரும்பி வருவதுதான் எனக்கு மிக ஆபத்தான வாசல் என்பதால், கனமான அகராதி ஒன்றை மேசையின் இடப்பக்கம் நிரந்தரமாக வைத்தேன். படுக்கையறைக்கு எழுபது, எண்பது ரூபாய் பெறும், சாவி கொடுக்கும் அலாரக் கடிகாரம் ஒன்றைத் தேடினேன். கடைசியில் முந்நூறு ரூபாய்க்குத்தான் கிடைத்தது, ஆனால் காலையில் கண் விழித்ததும் திரையைத் தொடாமல் இருக்க அதைவிட நல்ல செலவு இல்லை.

கைபேசிக்கு ஓர் இடம் ஒதுக்கினேன். வேலை நேரத்தில் அது நான் இருக்கும் அறையில் இருக்காது. கூடத்தில் காலண்டருக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கும். அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அமைப்பில், குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். அதோடு, அதே எண்ணிலிருந்து சிறிது நேரத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும்படியும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் அந்தச் சிறிது நேரம் 15 நிமிடம், ஐஃபோனில் 3 நிமிடம். வீட்டில் எல்லோரிடமும் ‘அவசரம் என்றால் இரண்டு முறை கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் அழைப்பை விட்டுவிடுவோமோ என்ற பயம் போன பிறகுதான் கைபேசியை அடுத்த அறையில் வைக்க எனக்கு மனம் வந்தது.

யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அணைத்து, பழையதையும் அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, அப்படிச் செய்தவர்களுக்கு முகப்புப் பக்கம் வெறுமையாகத்தான் வரும். தேடினால்தான் காணொளி கிடைக்கும். நீங்கள் தேர்வுக்கான வகுப்புகளை யூடியூபில் பார்ப்பவராக இருந்தால், இந்த ஒன்றை இன்றே செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுக்களைக் காப்பகத்துக்குள் (ஆர்கைவ்) தள்ளிவிட்டால், புதிய செய்தி வந்தாலும் அவை மேலே வந்து நிற்பதில்லை. நாளுக்கு ஒரு முறை நீங்களாகப் போய்ப் பார்த்தால் போதும். நேர வரம்பு வைக்கும் வசதி எனக்குப் பயன்படவில்லை. பூட்டும் சாவியும் ஒரே கையில் இருந்தால் அது பூட்டு ஆகாது. திரையைச் சாம்பல் நிறமாக்கியது இரவில் கொஞ்சம் உதவியது, பகலில் இரண்டே நாளில் பழகிப்போயிற்று.

இவையெல்லாம் சேர்ந்து 140ஐ 80 ஆக்கின. அதற்குக் கீழே இறக்கியது ஒரு மனிதர். பழைய அச்சகங்களில் மெய்ப்பைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் மூலப்படியை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவார். எங்கள் தெருவிலேயே, முன்பு அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பழகிய அக்கா ஒருவர் இருக்கிறார். இப்போது காலை பத்து மணிக்கு அவர் வருகிறார். அவர் வாசிக்கிறார், காற்புள்ளி வந்தால் ‘கமா’ என்றும் ஒற்று மிகும் இடத்தில் ‘ப் உண்டு’ என்றும் சொல்லிக்கொண்டே போகிறார்; நான் சிவப்புப் பேனாவோடு வரியைத் தொடர்கிறேன். பக்கத்தின் அடிக்கு வந்ததும் அவர் ஒரு நொடி நிறுத்தி, “பார்த்தாச்சா?” என்பார். முன்பு கை கைபேசிக்கு நழுவிய அதே இடைவெளி அது. ஒரு ஃபாரம் முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கிறோம், பிறகு அடுத்த ஃபாரம். வருமானத்தில் அவருக்கு ஒரு பங்கு போகிறது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மணி நேர வேலை மறுபடியும் ஐம்பது நிமிடத்துக்கு வந்துவிட்டதால் எனக்கு இழப்பு எதுவும் இல்லை. இப்போது என் எண் 40ஐ ஒட்டி நிற்கிறது.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு அங்கே மாலை ஏழு மணிக்குச் சைரன் ஒலிக்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் வீடுதோறும் அணைத்துவிட்டுப் பிள்ளைகள் படிக்க உட்கார வேண்டும் என்பது ஊர் கூடி எடுத்த முடிவு. இதைப் படித்தபோது அந்தத் திண்ணைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அணைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், நம் கைக்குப் போக இடமில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, தனியாகப் படிப்பதை விடுங்கள் என்பதுதான். உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். நான் இருக்கும் மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் நூலகத்திலும் அப்படிப் படிக்கும் ஒருவரோடு பேச்சுக் கொடுத்து, இருவர் கைபேசிகளையும் ஒருவர் மற்றவர் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாடத்தையும் ஃபாரம் போலப் பிரியுங்கள்: ‘இன்று வரலாறு’ என்று உட்காராமல், ‘இந்தப் பதினாறு பக்கம்’ என்று உட்காருங்கள். முடிந்ததும் அவர் கேட்க நீங்கள் சொல்லுங்கள். செயலியை நீக்குவதும் நிறுவுவதும் இரண்டாம் பட்சம்.

தூக்கம் கெட்டு, வேலையோ படிப்போ நின்றுபோகும் அளவுக்கு முற்றிவிட்டவர்கள் தயங்காமல் மருத்துவ உதவியை நாட வேண்டும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் இதற்கென்றே 2014 முதல் ‘ஷட்’ என்ற சிறப்புப் பிரிவு இயங்குகிறது. அதற்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாத நேரம் ஒன்று உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு வரும் அந்த அரை மணி நேரம். சென்ற ஆண்டு அம்மா மருத்துவமனையில் இருந்த பன்னிரண்டு நாட்களும் அந்த நேரத்தால்தான் நாளின் எண் மறுபடி நூறைத் தொட்டது. இப்போது அந்த வேளையில் தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஃபோன் செய்து பத்து நிமிடம் பேசுகிறேன். புத்தகத்தின் இரண்டாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறார், அன்று எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டுகிறார். பேசி வைத்த பிறகு சில நாட்களில் கைபேசி அலமாரிக்குப் போய்விடுகிறது, சில நாட்களில் போவதில்லை.