தேசிய கீதத்துக்கு எழாத அப்பா மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சுதந்திர தின விழாவுக்கு என் அப்பாவை (வயது 72) அழைத்துப் போயிருந்தேன். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் தேசிய கீதத்துக்கும் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் கீதம் பாடிக்கொண்டிருந்தபோதே சங்கச் செயலாளர் மைக்கைப் பிடுங்கி, “யாருங்க அது, எந்திரிங்க!” என்று கத்தினார். பாட்டு பாதியில் நின்றுபோனது. வாட்ஸப் குழுவில் வீடியோவைப் போட்டு ‘தேசத் துரோகி’ என்கிறார்கள். எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டு 5,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டுமாம். மறுத்ததால் போலீஸில் புகார். “பெரியவரை ஒரு தடவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க” என்று போன் வந்திருக்கிறது. அப்பா மீது வழக்கு வருமா? தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழாததற்குத் தனியாக வழக்கு உண்டா?

பதில்: முதலில் அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். “தேசிய கீதத்தை அவமதித்தேன், மன்னிக்கவும்” என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால், இல்லாத குற்றத்துக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்ததாக ஆகும். பிரச்சினை முடிந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர்.

புகாரில் சொல்லப்படுவது பெரும்பாலும் 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவாக இருக்கும். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருப்பதால் கேட்டவுடன் பயம் வரும். ஆனால் எதற்கு அந்தத் தண்டனை என்று பாருங்கள். தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவருக்கும், பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இடையூறு செய்பவருக்கும்தான். ‘எழுந்து நிற்காதவர்’ என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது. கால் மடங்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் எதைத் தடுத்தார்? உங்கள் கடிதப்படி பாட்டை நிறுத்தியது மைக்கைப் பிடுங்கியவர்தான்! அதற்காக அவர் மேல் எதிர்ப் புகார் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அவருடைய நோக்கமும் பாட்டை நிறுத்துவது அல்ல, ஆர்வக் கோளாறு. ஆனால் சங்கத்துக்கு எழுதும் பதிலில் இந்த விஷயம் ஒரு வரி இருக்கட்டும்.

அப்படியானால் எழுந்து நிற்பது அவரவர் இஷ்டமா? அதுவும் இல்லை. கீதம் பாடப்படும்போதும் இசைக்கப்படும்போதும் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆணை சொல்கிறது. முழுப் பாட்டுமே சுமார் 52 விநாடிதான். கீதத்தை மதிப்பது அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் அடிப்படைக் கடமையாகவும் இருக்கிறது. முடிந்தவர்கள் நிற்க வேண்டும், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் கடமையைச் செய்யாததும் குற்றம் செய்ததும் சட்டத்தில் ஒன்றல்ல.

சினிமா தியேட்டர் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். 2016 நவம்பர் 30 அன்று, படத்துக்கு முன் கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே சென்னையில் ஒரு தியேட்டரில் எழாமல் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். வழக்கும் அவர்கள் மீதே பதிவானது. 2018 ஜனவரி 9 அன்று, தியேட்டரில் கீதம் ஒலிப்பது கட்டாயமில்லை என்று நீதிமன்றமே மாற்றியது. ஒலித்தால் எழ வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. கூடவே மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுத்திருந்த விலக்கும் தொடர்கிறது. அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்காது. அதனால் நேரடியாக அந்த விலக்கைக் கேட்பதைவிட, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி ‘வேண்டுமென்றே’ என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்வது பலமான வாதம்.

இன்னொரு தீர்ப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது செல்லாது, பாடாமல் இருந்தது குற்றமல்ல என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. உங்கள் அப்பா விஷயம் அதே மாதிரி அல்ல. அவர்கள் நின்றார்கள், இவர் நிற்கவில்லை. ஆனாலும் 3-ஆம் பிரிவை அந்தத் தீர்ப்பு எப்படிப் படித்தது என்பது இவருக்கு உதவும்.

சரி, ஸ்டேஷன் விஷயம். 60 வயதுக்கு மேற்பட்டவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 179-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிட்டால் அதே சட்டத்தின் 35(3) பிரிவின்படி எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். போனில் கூப்பிட்டதற்கெல்லாம் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நீங்கள் மட்டும் நேரில் போய், டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில், “அறுவை சிகிச்சை காரணமாக எழ இயலவில்லை; அவமதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை” என்ற அளவு போதும். புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். 3-ஆம் பிரிவு பிணையில் விடக்கூடிய குற்றம் அல்ல, அதனால் முன்ஜாமீன் மனு போட வேண்டியிருக்கலாம். வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் 528-ஆம் பிரிவின்கீழ் மனு போடலாம். இந்த விவரங்களுக்கு அது நிற்கக்கூடிய மனு.

சங்கம் கேட்கும் 5,000 ரூபாயைக் கட்டத் தேவையில்லை. குற்றத்துக்கு அபராதம் போடுவது நீதிமன்றத்தின் வேலை. பராமரிப்புக் கட்டணத்தோடு அதைச் சேர்த்து பில் அனுப்பினால், பராமரிப்புத் தொகையை மட்டும் பேங்க் வழியாகக் கட்டி, மீதியை மறுத்து எழுதுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழ வேண்டும் என்று எந்தச் சட்டமோ ஆணையோ இல்லை என 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் 17-ஆம் தேதி தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றது. அதிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. 1971 சட்டத்தின் 3-ஆம் பிரிவு இந்தப் பாடலைத் தொடவில்லை, ஆகவே தனி வழக்கு என்ற பயம் வேண்டாம்.

வாட்ஸப் குழுவில் பதில் சண்டை போடாதீர்கள். ‘தேசத் துரோகி’ என்று எழுதியவர்களின் பெயர், எண், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவதூறுக்கு நோட்டீஸ் அனுப்ப அது வேண்டும். அப்புறம் அந்த வீடியோவையும் முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு எந்த இடத்தில், யாரால் நின்றது என்பது அதில் இருக்கிறது.