வாசகர் கேள்வி: கோதுமை வரியும் ஒரு கடிதமும்

கேள்வி: ஐயா, உயர்தரத்தில் வரலாறு படிக்கும் என் மகள், 1845இல் ஜோன் ரசல் பிரபு எழுதிய 'எடின்பரோ கடிதம்' பிரித்தானியாவின் தானியச் சட்டத்தையே கவிழ்த்தது என்கிறாள். ஒரு கடிதத்துக்கு அவ்வளவு பலமா? வெளித்தானிய வரியை எடுத்தால் விவசாயி அழிந்துபோகமாட்டானா? நாங்களும் வயல் செய்கிற ஆட்கள்.
– வாசகி, வெல்லாவெளி

பதில்: தங்கச்சி, கடிதம் தனியே கவிழ்க்கவில்லை. ஆனால் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

1815ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர்க் கோதுமை குவார்ட்டர் 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிக்கோதுமை சந்தைக்கு வர முடியாது. குவார்ட்டர் என்பது ஏறத்தாழ 217 கிலோ, நம்முடைய மூடையில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். 1828இல் அதை விலையோடு ஏறி இறங்கும் வரியாக மாற்றினார்கள். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த விக் கட்சியின் தலைவரான ரசல், நிலையான ஒரு வரி போதும் என்று சொல்லிவந்தவர். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. பிரதமர் றொபேட் பீலின் அமைச்சரவை கூடிக்கூடிப் பேசியும் முடிவுக்கு வரவில்லை. நவம்பர் 22ஆம் திகதி, ரசல் எடின்பரோவில் இருந்தபடி தன் லண்டன் நகர வாக்காளருக்கு எழுதினார். இருபது வருடத்தில் தன் எண்ணம் பெரிதும் மாறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். இந்தச் சட்டம் வணிகத்துக்கும் வேளாண்மைக்கும் கேடு, வறுமைக்கும் காய்ச்சலுக்கும் சாவுக்கும் காரணம் என்றார்.

நான் 31 வருடம் வரலாறு படிப்பித்தவன். அந்த ஒப்புதலைப் பிள்ளைகளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுவேன். அரசியல்வாதி ஒருவர் தன் பழைய நிலைப்பாட்டைக் கையெழுத்துப் போட்டுக் கைவிடுவது லேசான காரியமில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டிசம்பரில் பீல் பதவி விலகினார். ரசலால் அமைச்சரவை அமைக்க முடியாததால் பீலே திரும்பி வந்தார். 1846 ஜூனில் சட்டம் நீங்கியது. அதே இரவு வேறொரு மசோதாவில் பீல் தோற்றுப்போக, ரசல் பிரதமரானார்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது. இங்கிலாந்தில் நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களுடையது. கோதுமை விலை ஏறினால் குத்தகையும் ஏறும். காசு போய்ச் சேர்ந்த இடம் பிரபு வீடுதான். போடியார் எனும் பெரிய நிலக்காரர் காலத்து விளைச்சல் யார் வீட்டுக்குப் போனது என்று உங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேளுங்கள், விளங்கும். வரி போன உடனே அங்குள்ள விவசாயி அழியவுமில்லை. 1870களில் அமெரிக்கக் கோதுமை குவிந்தபிறகுதான் அடி விழுந்தது.

ஆனால் அதை வைத்து இங்கேயும் வரி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். படுவான்கரையில் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. போன பெரும்போகம் வெட்டியதும் மெசின் கூலி, உரக்கடன் என்று கழுத்தை நெரிக்க, ஈர நெல்லை வரம்பிலேயே விற்றேன். அரிசி விலை ஏறியபோது என் நெல் வேறொருவரின் களஞ்சியத்தில் கிடந்தது. மாசி, பங்குனி அறுவடையில் வெளியரிசியைத் தாராளமாக விட்டால் அடி எனக்கு. ஐப்பசியில் வரி போட்டுத் தடுத்தால் இலாபம் களஞ்சியக்காரருக்கு. எனக்கு ஒரு சதமும் வராது.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சட்டம் போயும் அயர்லாந்து ஏழையின் கையில் தானியம் வாங்கக் காசில்லை. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டார்கள், அதில் மிகப்பெரும்பாலானோர் ரசலின் ஆட்சியில். கூலி கொடுத்துவந்த பொதுவேலைகளை 1847இல் நிறுத்தியது அவருடைய அரசாங்கம்தான். 1845 கடிதத்தைப் படிக்கும்போது அந்த வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.