படித்தது ஏன் நிற்பதில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒட்டுசுட்டானில் தரம் 10 கணிதம் கற்பிக்கிறேன். இருபடிக் கோவைகளின் காரணி காண்பதை, அலகு முடிந்த கிழமையில் பிள்ளைகள் பிழையில்லாமல் செய்தார்கள். தவணைப் பரீட்சையில் பாதிப் பேர் அந்தக் கேள்வியைத் தொடவேயில்லை. மீட்டல் வகுப்பு வைத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மீட்டல் வகுப்பில் பெரும்பாலும் ஆசிரியர் கரும்பலகையில் செய்ய, பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பந்தியைக் கொடுத்து, நான்கு சுற்றாகப் படிக்க விட்டார்கள். நான்கு சுற்றும் வாசித்தவர்களுக்கு 5 நிமிடத்தின் பின் 83 வீதம் நினைவிருந்தது. முதற் சுற்றில் மட்டும் வாசித்து, மற்ற மூன்றிலும் பாராமல் எழுதியவர்களுக்கு 71 வீதம்தான். ஒரு கிழமை கழித்து முன்னவர்களுக்கு 40, பின்னவர்களுக்கு 61.

ஆகவே மீட்டல் வகுப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணித பாடவேளையின் முதல் 7 நிமிடத்தை எடுங்கள். கொப்பி மூடியிருக்கட்டும். கரும்பலகையில் நான்கு கேள்விகள்: நேற்றையது, போன கிழமையது, போன மாதத்தது, போன தவணையது. போட்டோப் பிரதி தேவையில்லை. எந்த அலகு என்று சொல்லாதீர்கள். அலகுப் பயிற்சியில் தலைப்பே வழியைச் சொல்லிவிடும். பரீட்சைத் தாளில் எந்த வழி பொருந்தும் என்று பிள்ளைதான் தேர வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கப் பழக்காததால்தான் உங்கள் மாணவர்கள் தொடங்கவில்லை.

விடையை உடனே போட்டு, வேறு நிறப் பேனையால் திருத்தச் சொல்லுங்கள். புள்ளி இடவே வேண்டாம். புள்ளி என்றதும் பக்கத்துக் கொப்பியைப் பார்ப்பார்கள். வாயால் விடை கேட்டால் முன்வாங்கில் மூன்று பேர் சொல்ல மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள், எனவே எல்லோரும் எழுத வேண்டும். அதே எண்களைத் திரும்பப் போட்டால் விடைதான் பாடமாகும், முறை வராது.

ஒரு கேள்வி பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிழைத்தால் இடைவெளி கூடிவிட்டது. அதை 10 நிமிடம் திரும்பக் கற்பித்து, 2 நாளில் கேளுங்கள். பிறகு 1 கிழமை, 3 கிழமை, 6 கிழமை என்று தள்ளுங்கள். மார்கழி வெள்ளத்தில் வராமல் நின்ற பிள்ளைகளிடம் எந்த இடம் விடுபட்டிருக்கிறது என்பதும் இந்தக் கேள்விகளிலேயே தெரியவரும்.

முதல் சில கிழமைகளில் பிழை கூடும். பிள்ளைகள் மனம் சோர்வார்கள். தட்டுத்தடுமாறி நினைவுக்குக் கொண்டுவரும் அந்தச் சிரமம்தான் நினைவை இறுக்குகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

கேள்வி: புதுக்குடியிருப்பில் தையல் பழகுகிறேன். சேட் கொலர் வைப்பதை ஒரு நாள் முழுக்கச் செய்தால் கை பழகுமா?

பதில்: அன்று பழகும், அடுத்த மாதம் தடுமாறும். ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் இருப்பதைவிட, மூன்று நான்கு நாள் இடைவிட்டு ஒரு மணித்தியாலம் வீதம் செய்யுங்கள். தைக்கமுன் குறிப்பைப் பாராமல் படிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் படியில் நின்றுபோகிறீர்களோ அதை மட்டும் குறிப்பில் பாருங்கள். வெட்டுத்துணியில் ஒரு கொலர், ஒரு சிப், ஒரு பொக்கற் என்று மாற்றி மாற்றித் தையுங்கள்.