மீந்த அப்பம்

வணக்கம் சார். போன மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர்கள், நாங்கள் மெதடிஸ்ட். பூசையில் நற்கருணை கொடுக்கும்போது நானும் வரிசைக்குப் போக எழுந்தேன். சம்பந்தியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். நானும் ஞானஸ்நானம் பெற்றவள்தானே? ஒரே இயேசு, ஒரே அப்பம். அப்புறம் என்ன வித்தியாசம்?
- ஒரு வாசகி, செராஸ், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரி,

அத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்து உட்கார வைத்தால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். சம்பந்தியம்மா பூசைக்கு முன்பே காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் ‘ஒரே அப்பம்’ என்கிறீர்களே, வழக்கே அதில்தான்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவன், உங்களைப் போல மெதடிஸ்ட். நற்கருணையை நாம் திருவிருந்து என்போம். அது முடிந்ததும் மீந்த ரொட்டித் துண்டுகளைப் பையன்கள் நாங்கள் பின்பக்கம் நின்று தின்போம். இதை ஒருநாள் பள்ளித் தோழனிடம் சொன்னேன். அவன் கத்தோலிக்கன், அரண்டுவிட்டான். அவர்கள் கோயிலில் மீந்த நற்கருணையைப் பேழையில் வைத்துப் பூட்டுவார்கள், பக்கத்தில் அணையாமல் ஒரு விளக்கு எரியும். கண்ணுக்கும் நாக்குக்கும் அது அப்பம்தான். ஆனால் குருவானவர் வசனத்தைச் சொன்னபின் அது கிறிஸ்துவே என்பது அவர்கள் விசுவாசம். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1551இல் இதை உறுதியாகச் சொன்னது. நம் சபையும் வெறும் ரொட்டி என்று சொல்வதில்லை. கிறிஸ்து அந்தப் பந்தியில் மெய்யாகவே வருகிறார், எப்படி என்பது மறைபொருள் என்கிறது. எங்களுக்கு அன்று பசி, அவ்வளவுதான்.

அதே பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் சீயோன் லுத்தரன் ஆலயத்தில் கேட்டால் மூன்றாவது பதில் வரும்: அப்பம் அப்பமாகவே இருக்கிறது, அதோடு கிறிஸ்துவின் சரீரமும் இருக்கிறது. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் சந்தித்தார்கள். ‘இது என் சரீரம்’ என்ற இயேசுவின் வசனத்தை லூத்தர் லத்தீனில் மேசைமேல் சாக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு நகரவே இல்லை. அதிலுள்ள ‘எஸ்த்’ (இருக்கிறது) என்ற வினைக்கு ‘குறிக்கிறது’ என்றுதான் பொருள் என்றார் சுவிங்லி. 15 கூற்றுகளில் 14க்கு ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் பிரிந்தார்கள். நம் பழைய வேதாகமம் ‘சரீரமாயிருக்கிறது’ என்று அந்த வினையையும் சேர்த்தே சொல்கிறது. பூசையில் குருவானவரோ ‘என் உடல்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார். தமிழில் வினையே வேண்டாம்! சுவிங்லி தமிழராக இருந்திருந்தால் சண்டைக்கு வேறு சொல்லைத் தேடியிருப்பார்.

சரி, ஞானஸ்நானம் போதாதா என்கிறீர்கள். உங்கள் ஞானஸ்நானத்தை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்று குருவானவர் சொல்ல, நீங்கள் ‘ஆமென்’ என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். அவர்கள் விசுவாசத்துக்கும், போப்பாண்டவரோடு ஒன்றாயிருக்கும் அவர்கள் திருச்சபைக்கும் சேர்த்துச் சொல்லும் ஆமென் அது. மனதில் இல்லாத ஆமெனைச் சொல்வதைவிட உட்கார்ந்திருப்பது மேல் என்பது என் கட்சி. நம் பந்திக்கு அவர்களை நாம் தாராளமாக அழைக்கிறோம், அவர்கள் வருவதில்லை. அதுவும் இதே காரணத்தால்தான்.

அடுத்த முறை கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போங்கள். இங்கே பல கோயில்களில் அப்படி வருபவர்களுக்கு ஆசீர்வாதம் தருவார்கள். சம்பந்தியம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கும் அன்று சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.